தென்கடலா, வடகடலா? ராமநாதபுரம் கரையில் குடும்பத்தோடு நட்சத்திரம் பார்க்க இருட்டு தேடும் வழி

ராமநாதபுரம் கரையில் இருட்டான வானம் எங்கே கிடைக்கும் என்று கேட்டால் பெரும்பாலோர் தனுஷ்கோடி என்பார்கள். அங்கே நல்ல இருட்டு உண்டு. 1964 டிசம்பர் 22-23 இரவில் அடித்த புயலுக்குப் பிறகு, மீனவர் குடிசைகள் தவிர அங்கே ஊர் என்று எதுவும் திரும்ப எழவில்லை. ஆனால் பொழுது சாயும்போதே சுற்றுலா வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இரவில் தங்க விடுவதில்லை. குழந்தைகளையும் பெரியவர்களையும் ஏற்றிக்கொண்டு போய்ச் சோதனைச்சாவடியில் கெஞ்சிக்கொண்டு நிற்பதில் பயன் இல்லை. தனுஷ்கோடியின் கோடியில் இருக்கும் அரிச்சல்முனையைப் பகலில் பாருங்கள். இரவு வானத்துக்கு இதே மாவட்டத்தில் வேறு நல்ல கரைகள் இருக்கின்றன.

இந்தக் கரையில் இடம் தேடும்போது தூரத்தைவிடத் திசையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நமக்கு இரண்டு கடல். மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் தெற்கே மன்னார் வளைகுடா, அதாவது தென்கடல். வடக்கே பாக் விரிகுடா, அதாவது வடகடல். தென்கடல் கரையில் கடலைப் பார்த்து நின்றால் ராமநாதபுரம், கீழக்கரை, ஏர்வாடி என்று எல்லா ஊரின் வெளிச்சமும் முதுகுப் பக்கம் போய்விடும். எதிரே தெற்கில் ஊரே கிடையாது, வெறும் கடல்தான். முதுகுக்குப் பின்னால் வானம் கொஞ்சம் வெளுத்திருந்தாலும் முன்னால் இருக்கும் பாதி வானம் கருப்பாகவே இருக்கும். உள்நாட்டில் ஒரு பொட்டல்வெளியைத் தேடிப் போனால் நான்கு பக்கமும் ஏதோ ஓர் ஊரின் ஒளி எட்டிப் பார்க்கும். கடற்கரைக்காரர்களுக்கு அந்தத் தொல்லை பாதிதான்.

தூரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. ஓர் ஊரிலிருந்து நீங்கள் இருக்கும் தூரம் இரண்டு மடங்கானால், அந்த ஊர் உங்கள் வானத்தில் ஏற்றும் வெளிச்சம் பாதியாகக் குறையாது, ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகக் குறையும். ராமநாதபுரத்திலிருந்து 10 கிலோமீட்டரில் நிற்பதற்கும் 20 கிலோமீட்டரில் நிற்பதற்கும் வித்தியாசம் வெறுங்கண்ணுக்கே தெரியும். அரைமணி நேரம் கூடுதலாக ஓட்டத் தயங்க வேண்டாம். 40 கிலோமீட்டரைத் தாண்டிய பிறகு அதே ஊருக்காக இன்னும் விலகிப் போவதில் பெரிய லாபம் இல்லை. அதற்குப் பிறகு கெடுப்பது பக்கத்துக் கிராமத்து ஹைமாஸ் விளக்குதான்.

ஒளி மாசு வரைபடம் என்று இணையத்தில் செயற்கைக்கோள் தரவை வண்ணம் பூசிக் காட்டும் பக்கங்கள் இருக்கின்றன. அவற்றை நம்பி இடத்தை முடிவு செய்பவர்கள் இந்தக் கரையில் ஏமாறுவதற்கு இரண்டு காரணம் உண்டு. அந்தச் செயற்கைக்கோள் நம் தலைக்கு மேலே வருவது நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி வாக்கில். எட்டு மணிக்கு எரியும் கடைவீதியும் இறால் பண்ணைக் கொட்டகையும் அப்போது அணைந்திருக்கலாம். இன்னொன்று, அதன் உணர்கருவிக்கு நீல ஒளி தெரியாது. இப்போது ஊர் ஊராக நட்டிருக்கும் வெள்ளை எல்இடி விளக்குகளில் நீலம் அதிகம். எனவே வரைபடத்தில் மங்கலாகத் தெரியும் கிராமம் நேரில் கண்ணைக் கூசும். வரைபடத்தை இடங்களை ஒதுக்குவதற்குப் பயன்படுத்துங்கள். தேர்ந்தெடுப்பதற்குக் கால்தான் போக வேண்டும்.

காற்று சொல்லும் கரை

எந்தக் கடல் என்பதை மீனவர்கள் காற்றை வைத்து முடிவு செய்கிறார்கள். நட்சத்திரம் பார்க்கப் போகிறவர்களும் அதையே செய்யலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்று. தென்மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்றில் தென்கடல் கரையில் பாய் விரித்து உட்கார முடியாது. மணல் பறந்து குழந்தைகள் கண்ணிலும் சாப்பாட்டிலும் பைனாகுலர் மூட்டுகளிலும் புகுந்துவிடும். அலை தூக்கும் உப்புத்துளி காற்றில் நின்று அடிவானத்தை மறைக்கும். அந்த மாதங்களில் வடகடல் குளம்போல் அமைதியாக இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வாடை அடித்தால் வடகடல் கொந்தளிக்கும், எந்தக் கரைக்குப் போனாலும் மேகம். குடும்பத்தோடு கிளம்ப இது காலமே அல்ல. தை பிறந்து மழை ஓய்ந்ததும் பங்குனி முடியும்வரை தென்கடல்தான் முதல் தேர்வு. வானம் தெளிவு, காற்று மிதம், தெற்கே அகத்தியர் நட்சத்திரம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். இது நட்சத்திரம் பார்ப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய காலம். மற்ற நாட்களில் தொழிலுக்குப் போகும் விசைப்படகுகளின் விளக்குகள் இரவு முழுக்க அடிவானத்தில் ஒரு தெருபோல நிற்கும். தடைக்காலத்தில் அவை இல்லை, நாட்டுப்படகுகளின் சிறு விளக்குகள் மட்டும் ஆங்காங்கே. தெற்கு வானத்தின் மிக நல்ல பகுதி மாலையில் எழுந்து நிற்பதும் அந்த இரண்டு மாதங்களில்தான். புழுக்கமும் கத்திரி வெயிலின் மங்கலும் இருக்கும், மேற்கே மின்னல் வெட்டும். இருந்தாலும் ஒரு கோடை மழை பெய்து தூசு அடங்கிய மறுநாள் இரவு கிடைத்தால் விடாதீர்கள்.

கச்சான் காலத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காலம் என்றால் மழைக்காலம், வானம் தெரியாது என்று நினைத்துவிடுகிறார்கள். ராமநாதபுரத்துக்கு அந்தப் பருவத்தில் மழை மிகக் குறைவு. மேகம் கூட்டம் கூட்டமாக வந்து போகும், இடையில் திறக்கும். ஆடி, ஆவணியில் பால்வீதியின் நடுப்பகுதி முன்னிரவிலேயே உயரத்தில் இருப்பதால், அரைமணி நேரம் வானம் திறந்தால்கூடப் போதும்.

அமாவாசையும் நாள்காட்டியும்

நிலவு இருந்தால் எந்த இருட்டு இடமும் இருட்டில்லை. இதற்கு வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டி போதும். வளர்பிறையில் மூன்றாம் பிறை எட்டரை மணிக்குள் இறங்கிவிடும், பஞ்சமி நிலவு பத்து மணி வாக்கில், அஷ்டமி நிலவு நள்ளிரவில். தேய்பிறையில் இது தலைகீழ். பௌர்ணமிக்கு மறுநாள் ஏழு மணி வாக்கில் எழும் நிலவு, அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளி எழும். சங்கடஹர சதுர்த்தி விரதம் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும், நிலவுக்காக ஒன்பது மணி வரை காத்திருப்பவர்கள் அவர்கள். ஆக, சிறு குழந்தைகளோடு போகிறவர்களுக்கு தேய்பிறை சஷ்டி முதல் அமாவாசை தாண்டி வளர்பிறை மூன்று வரை வசதி. முன்னிரவு முழுக்க இருட்டு கிடைக்கும், பத்து மணிக்குள் வீடு திரும்பலாம்.

எல்லா அமாவாசையும் எல்லா இடத்துக்கும் ஒத்துவராது. தை, ஆடி, புரட்டாசி மகாளய அமாவாசைகளில் ராமேசுவரம், தேவிபட்டினம், சேதுக்கரை மூன்றும் தர்ப்பணம் கொடுக்க வருபவர்களால் நிரம்பி வழியும். முந்தைய இரவிலிருந்தே பேருந்துகள், தற்காலிக விளக்குகள், ஒலிபெருக்கி. அந்த மூன்று அமாவாசைகளில் சாயல்குடிப் பக்கம் போங்கள், அல்லது இரண்டு நாள் தள்ளிப் போங்கள். மற்ற அமாவாசைகளிலும் சேதுக்கரையில் விடியற்காலையில் ஆள் வரத் தொடங்கிவிடுவார்கள், முன்னிரவு மட்டும் அமைதி.

அமாவாசையையொட்டி ஓதமும் பெருகும். இந்தக் கடலில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்குள்தான், கேட்கச் சின்னதாகத் தெரியும். ஆனால் தட்டையான சேற்றுக் கரையில் அரை மீட்டர் நீர் ஏறினாலும் அது பக்கவாட்டில் வெகுதூரம் பரவும். மாலையில் காய்ந்து கிடந்த இடம் என்று வண்டியை நிறுத்தினால் பத்து மணிக்குச் சக்கரம் நனைந்திருக்கும். கடற்பாசி, சிப்பி ஓடு வரிசையாக ஒதுங்கிக் கிடக்கும் கோட்டைப் பாருங்கள். நீர் அதுவரை வந்து போகிறது என்று அர்த்தம். பாயும் வண்டியும் அதற்கு மேலே இருக்கட்டும்.

இடங்கள்

முதல் தடவை போகிறவர்களுக்கு, குறிப்பாக ராமேசுவரத்தில் தங்கியிருக்கும் குடும்பங்களுக்கு, பாலம் தாண்டி உச்சிப்புளி வந்து தெற்கே திரும்பிப் புதுமடம் போவது எளிது. ஊர் விளக்குகளை விட்டு அரைக் கிலோமீட்டர் விலகிவிட்டால் தெற்கு முழுக்கத் திறந்த கடல். கிழக்கே ராமேசுவரத்தின் ஒளி தாழ்வாகத் தெரியும், அது தொந்தரவு செய்யாது. உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம் இருக்கிறது என்பதை மட்டும் மறக்க வேண்டாம், ஏன் என்று பிறகு சொல்கிறோம்.

எங்கள் மதிப்பில் இந்தக் கரையின் நல்ல தெற்கு வானம் வாலிநோக்கத்தில் இருக்கிறது. ஏர்வாடி தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டுத் தெற்கே இறங்க வேண்டும். கரை கடலுக்குள் நீண்டு நிற்பதால் ஊர்களின் வெளிச்சம் நன்றாகப் பின்தங்கிவிடும். வழியில் உப்பளங்கள் இருக்கின்றன. வெட்டவெளியாக, இருட்டாக, ஆசை காட்டும். உப்பளத்து வரப்பில் வண்டியை இறக்காதீர்கள். மேலே காய்ந்த தோல், கீழே சேறு, திருப்ப இடமும் இருக்காது.

சாயல்குடிக்குத் தெற்கே மாரியூர்க் கரையும் நல்லது. அங்கே தென்மேற்கு அடிவானத்தில் தூத்துக்குடியின் ஒளி ஒரு மங்கிய வில்லாகத் தெரியும். ஆகையால் கோடையில், விண்மீன்கள் தென்மேற்கில் சாயும் நேரத்துக்கு முன்பே பார்த்து முடித்துவிட வேண்டும்.

வடகடலில் அரியமான். கரைக்குப் பின்னால் சவுக்குத்தோப்பு இருப்பதால் சாலை விளக்குகள் மறைந்துவிடும். ஞாயிறு மாலைக் கூட்டம் கலையும்வரை இரைச்சல் இருக்கும், வாரநாளில் போங்கள். வடக்கே கடல் என்பதால் துருவ நட்சத்திரத்தைக் கடலுக்கு மேலேயே காட்டலாம். தேவிபட்டினத்துக்கு வடக்கே தொண்டி வரையிலான கரை கிழக்கு பார்த்தது, விடியற்காலை எரிகல் பார்ப்பதற்கு உகந்தது. ஆனால் அங்கே இறால் பண்ணைகள் இருக்கின்றன. பண்ணை விளக்கு நேராகக் கண்ணில் படாத இடத்தைப் பகலிலேயே பார்த்து வைக்க வேண்டும். காரங்காட்டுச் சதுப்புநிலக் காடு பகலில் படகில் போய்ப் பார்க்க வேண்டிய இடம். இரவில் கொசு உட்கார விடாது.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. படகுக்காரர் யாராவது அழைத்துப் போகிறேன் என்றாலும் போகக் கூடாது. பறவைகள் சரணாலயக் கண்மாய்களும் அப்படியே. கடலில் உப்பு மூட்டம் அதிகமான இரவுகளுக்கு மாற்று வேண்டுமென்றால், சரணாலயம் அல்லாத ஒரு கண்மாய்க் கரையை, அந்த ஊர்க்காரரிடம் சொல்லிவிட்டு, பயன்படுத்தலாம்.

பகலில் ஒரு முறை

இடத்தைப் பகலில் பார்க்காமல் இரவில் குடும்பத்தை அழைத்துப் போகவே கூடாது. பகலில் பார்க்க வேண்டியவை சில. ஹைமாஸ் கம்பம் எங்கே நிற்கிறது, உட்காரப் போகும் இடத்திலிருந்து அதன் தலை தெரிகிறதா? தெரிந்தால் 50 மீட்டர் நகர்ந்து ஒரு மணல்மேட்டையோ சவுக்கு வரிசையையோ இடையில் போட்டுக்கொள்ளுங்கள். நேராகக் கண்ணில் படும் ஒரு விளக்கு, தொலைவில் இருக்கும் ஒரு நகரத்தைவிட அதிகம் கெடுக்கும். பாம்பன், கீழக்கரைப் பகுதிகளில் கலங்கரை விளக்கத்தின் ஒளிக்கற்றை சுழன்று வரும். அதற்கும் இதே வழிதான். வண்டியைத் திருப்பக் கெட்டியான இடம் இருக்கிறதா, கைப்பேசியில் சிக்னல் எத்தனை கோடு, கடைசிக் கழிவறை எந்த பெட்ரோல் பங்கில், இவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அன்றே கிராமத்தில் யாரையாவது பார்த்துச் சொல்லிவிடுங்கள். படகு, வலை இருக்கும் இடம் அவர்கள் பிழைப்பு நடக்கும் இடம். ஊர்த் தலைவரிடமோ, கரையில் வலை பழுது பார்க்கும் பெரியவரிடமோ, “ஐயா, புள்ளைகளுக்கு நட்சத்திரம் காட்டணும், நாளைக்கு ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் இங்கன இருப்போம், எந்தப் பக்கம் உக்காரலாம்?” என்று கேட்டால் அவரே நல்ல இடம் காட்டுவார். எந்தப் பக்கம் முள், எந்தப் பக்கம் சேறு என்பதும் அப்போது வந்துவிடும்.

காவல் நிலையத்திலும் தெரிவித்துவிடுவது அவசியம். இலங்கைக்கு எதிரே இருக்கும் கரை இது. கடத்தலைத் தடுக்க கடலோரக் காவல் படையினரும் மற்றவர்களும் இரவில் சுற்றி வருவார்கள். இருட்டில் விளக்கணைத்து நிற்கும் வண்டியும், முக்காலியில் நிற்கும் ஒரு குழாயும் அவர்கள் கண்ணில் எப்படிப் படும் என்று யோசித்துப் பாருங்கள். பெரியவர்கள் எல்லோரும் ஆதார் அட்டை வைத்திருங்கள். கடலை நோக்கி டார்ச் அடிக்கவே கூடாது, அது சைகையாகத் தெரியும். நட்சத்திரம் காட்டும் பச்சை லேசர் இந்தக் கரைக்கு வேண்டவே வேண்டாம். கடற்படை விமானமும் ஹெலிகாப்டரும் பறக்கும் வானம் இது, விமானியின் கண்ணில் பட்டால் ஆபத்து. டிரோனும் அப்படியே. கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் இலவச எண் 1093. ஆம்புலன்ஸுக்கு 108.

வெளிச்சத்தை அடக்குவது

சூரியன் மறைந்து ஏறக்குறைய 75 நிமிடம் ஆனால்தான் இங்கே முழு இருட்டு. நவம்பரில் ஆறு மணிக்குச் சற்று முன்பே சூரியன் மறையும், ஜூலையில் 6:40 ஆகும். அதற்கேற்ப ஏழேகாலிலிருந்து எட்டு மணிக்குள் வானம் தயார். நீங்கள் வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். பாய் விரிப்பது, சாப்பிடுவது, மூத்திரம் போய் வருவது எல்லாம் அந்த மங்கலில் முடியட்டும். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். ஒரு நொடி வெள்ளை வெளிச்சம் பட்டால் அத்தனையும் போய், முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கெடுப்பது பெரும்பாலும் நம் வண்டிதான். கதவைத் திறந்ததும் எரியும் உள்விளக்கை முன்கூட்டியே அணைத்து வையுங்கள். வண்டியின் முகம் கடலைப் பார்க்காமல் நிற்கட்டும். ரிமோட்டில் பூட்டினால் நான்கு இண்டிகேட்டரும் மின்னும், எனவே சாவியால் பூட்டுங்கள். தேவைப்படும் எல்லாவற்றையும் முதலிலேயே இறக்கிவிட்டால் டிக்கியைத் திறக்கும் வேலையே வராது.

டார்ச்சுக்குச் சிவப்பு. பரிசுப் பொட்டலம் சுற்றும் சிவப்புக் கண்ணாடித்தாளை மூன்று நான்கு மடிப்பாக மடித்து ரப்பர் வளையத்தால் டார்ச் முகத்தில் கட்டுங்கள். ஒரு மடிப்பு போதாது, வெள்ளை கசியும். வெளிச்சம் பாதத்தைத் தாண்டாத அளவு மங்கலாக இருக்க வேண்டும். குழந்தைகள் ஒவ்வொருவருக்கும் ஒன்று கொடுத்தால் பயமும் போகும், சண்டையும் வராது. கைப்பேசிகளை ஒரு துணிப்பையில் போட்டு ஒருவர் பொறுப்பில் விடுங்கள். நட்சத்திரச் செயலி தேவையென்றால் ஒரே ஒரு கைப்பேசியில், சிவப்பு நிறத்துக்கு மாற்றி, வெளிச்சத்தைக் கடைசி வரை குறைத்து.

ஜனவரி முதல் கோடை வரை இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும், குஞ்சுகள் கடலுக்குத் திரும்பும். குஞ்சு வெளிச்சத்தை நோக்கி நடக்கும் இயல்புடையது, வெள்ளை விளக்கு அதைக் கடலுக்கு எதிர்ப்பக்கம் இழுத்துவிடும். விளக்கை அடக்குவது நமக்காக மட்டும் இல்லை.

இடம் உண்மையிலேயே இருட்டா என்று சோதிக்கக் கருவி வேண்டாம். வானத்தில் மேகத்துண்டு இருந்தால் பாருங்கள். அது வெளுப்பாகத் தெரிந்தால் கீழே வெளிச்சம் இருக்கிறது. வானத்தைவிடக் கருப்பாக, நட்சத்திரங்களை மறைக்கும் ஓட்டைபோலத் தெரிந்தால் அருமையான இடம். வெள்ளை வேட்டி ஒன்றை மணலில் விரித்து அதற்கு மேல் கையை நீட்டுங்கள். தெளிவான நிழல் விழுந்தால் ஏதோ விளக்கு உங்களை நேராகப் பார்க்கிறது, நகருங்கள். கார்த்திகைக் கூட்டத்தில் ஆறு மீனும் சிரமமில்லாமல் எண்ண முடிந்தால் குடும்பத்துக்கு அது போதுமான இருட்டு. வானத்தின் இருட்டை 1 (மிக இருட்டு) முதல் 9 (நகர வானம்) வரை தரம் பிரிக்கும் அளவுகோலை அமெரிக்க வானியல் ஆர்வலர் ஜான் பார்ட்டில் 2001-இல் வெளியிட்டார். அதில் 4 கிடைத்தாலே பால்வீதி தெளிவாகத் தெரியும். 1-ஐத் தேடி அலைய வேண்டியதில்லை.

இங்கே மட்டும் வாய்த்த தெற்கு

ராமேசுவரத்தின் அட்சரேகை ஏறக்குறைய 9 பாகை வடக்கு. கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 பாகை. இந்த இரண்டும் தெரிந்தால் குழந்தைகளே எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுவார்கள். அரியமானில் வடக்கு அடிவானத்தின் மேல் ஒரு முஷ்டி வைத்தால் அதன் மேல் விளிம்பில் துருவ நட்சத்திரம். அவ்வளவு தாழ்வில் கடல் ஈரம் அதை மங்க வைத்திருக்கும், பொறுமையாகப் பாருங்கள்.

தெற்கில்தான் புதையல். பிப்ரவரி கடைசியில் இரவு எட்டேகால் வாக்கில் அகத்தியர் நேர் தெற்கே, கடலுக்கு மேல் மூன்று முஷ்டிக்குச் சற்றுக் கீழே நிற்கும். வடஇந்தியாவில் அது அடிவானத்தை உரசிக்கொண்டு போகும், நமக்கு நிமிர்ந்து நிற்கிறது. மே நடுவில் ஒன்பது மணி வாக்கில் திரிசங்கு என்னும் தென்சிலுவை, கடலுக்கு மேல் இரண்டு முஷ்டி உயரத்தில் நேராக நிமிரும். அதற்கு இடப்பக்கம் இரண்டு பிரகாசமான மீன்கள். இடக்கோடியில் இருப்பது ஆல்ஃபா செண்டாரி, சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீன் தொகுதி, தூரம் 4.3 ஒளியாண்டு. அவற்றுக்கு மேலே, கடலிலிருந்து மூன்று முஷ்டிக்குச் சற்று மேல், பைனாகுலரில் பஞ்சுருண்டைபோல ஒமேகா செண்டாரி தெரியும். ஏறக்குறைய ஒரு கோடி விண்மீன்கள் சேர்ந்த கொத்து அது. டெல்லிக்காரர்கள் அடிவானப் புழுதிக்குள் தேடும் பொருள்.

ஜனவரி நடுவில் பத்து மணிக்கு, பிப்ரவரி தொடக்கத்தில் எட்டரை மணி வாக்கில், பெரிய மெகல்லன் மேகம் தெற்கே 11 பாகை உயரத்துக்கு வரும். நம் பால்வீதிக்குப் பக்கத்துக் கேலக்ஸி. மழை கழுவிவிட்ட நல்ல இரவில், தென்கடல் கரையில், கிழிந்து போன மேகத்துண்டுபோல மங்கலாகத் தெரியும். அலை உடையும் இடத்தில் உட்கார்ந்தால் உப்புத்துளியே அதை மறைத்துவிடும். கரையை விட்டு 200 மீட்டர் பின்னால் ஒரு மேட்டில் உட்காருங்கள். தாழ்வான நட்சத்திரங்களுக்கு இது எப்போதும் பொருந்தும்.

ஆவணியில் எட்டரை மணிக்குக் கேட்டையும் மூலமும் தென்மேற்கில் தேளாக வளைந்திருக்க, தேள்வாலுக்குப் பக்கத்தில் பால்வீதி தடித்துப் புகையாக எழும். கொடுக்குக்கு மேலே வெறுங்கண்ணுக்கே தெரியும் ஒரு விண்மீன் கொத்தைப் பைனாகுலரில் காட்டினால் குழந்தைகள் அதைக் கீழே வைக்க மாட்டார்கள். மார்ச்சில் இன்னொன்றும் கவனியுங்கள். இருட்டிய பிறகு மேற்கே, அடிவானத்திலிருந்து கோபுரம்போல ஒரு வெளுப்பு சாய்ந்து எழும். அது ஊர் வெளிச்சம் இல்லை. கோள்களின் பாதையில் மிதக்கும் தூசில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளி. ஊர் வெளிச்சம் அகலமாகவும் தாழ்வாகவும் இருக்கும், இது ஒடுங்கி உயரும்.

எரிகல் பொழிவில் மே 5, 6 விடியற்காலையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஹாலி வால்நட்சத்திரம் விட்டுச்சென்ற தூசு. மூன்று மணி முதல் வெளுக்கத் தொடங்கும் நாலே முக்கால் வரை, கிழக்கு பார்த்த கரையில். தடைக்காலமாகவும் இருக்கும். டிசம்பர் 13-14 பொழிவு இதைவிடப் பெரியது, ஆனால் நம் கரையில் பெரும்பாலும் மேகம் தின்றுவிடும். ஆகஸ்டு 12-13 பொழிவுக்கு வடக்கு பார்த்த அரியமான்.

கருவியும் கால்களும்

குடும்பத்துக்குத் தொலைநோக்கி முதல் தேவை இல்லை. கடல் காற்றில் குழாய் ஆடும், வரிசையில் நின்று குழந்தைகள் சலிப்பார்கள். 10×50 பைனாகுலர் ஒன்று, சிறுவர்களுக்கு எடை குறைந்த 8×42 ஒன்று போதும். மல்லாந்து படுத்து, முழங்கைகளை விலாவில் ஊன்றிப் பார்த்தால் ஆடாது. கழுத்து வாரை மாட்டாமல் யார் கையிலும் கொடுக்காதீர்கள், மணலில் விழுந்தால் குவிய வளையம் கரகரக்கும். கொசு மருந்து தடவிய கையால் தொட வேண்டாம், அந்த மருந்து பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் தின்னும்.

கீழே தார்ப்பாய், அதன் மேல் கோரைப்பாய். வெறும் பாயில் நிலத்து ஈரம் அரைமணி நேரத்தில் ஏறிவிடும். தை, மாசியில் பனி இறங்கும், தலைக்குத் துண்டு வேண்டும். நான்கு பேருக்கு எட்டு லிட்டர் தண்ணீர் எடுங்கள், பாதி கால் கழுவவே போகும்.

எல்லோர் காலிலும் மூடிய காலணி இருக்கட்டும். இந்தக் கரைப் புதர்க்காட்டில் சுருட்டை விரியன் அதிகம், சிறியது, மணல் நிறத்தில் மறைந்துவிடும். பாயைக் கருவேலப் புதரை விட்டுப் பத்து மீட்டர் தள்ளிப் போடுங்கள். கடித்துவிட்டால் கீறுவதோ, இறுக்கிக் கட்டுவதோ, உறிஞ்சுவதோ கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல் நேராக அரசு மருத்துவமனைக்கு. இருட்டில் கடலில் இறங்குவதும் வேண்டாம். ஆழமில்லாத நீரில் மணலுக்குள் திருக்கை படுத்திருக்கும், மிதித்தால் முள்ளால் அடிக்கும். ஒதுங்கிக் கிடக்கும் சொறியை, அதாவது ஜெல்லிமீனை, குழந்தைகள் கையால் எடுத்தால் எரியும்.

வண்டியைத் தாரை விட்டு இறக்காமல் இருப்பதே நல்லது. இறக்கி மணலில் புதைந்துவிட்டால் ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள், சக்கரம் சுழலச் சுழல அச்சு வரை இறங்கும். எல்லோரும் இறங்கி, இயங்கும் சக்கரத்தின் முன்னும் பின்னும் மணலை அள்ளிவிட்டு, டயர் காற்றை 18 முதல் 20 பிஎஸ்ஐ வரை குறைத்து, சக்கரத்தின் அடியில் வண்டியின் கால்மிதியையோ காய்ந்த பனை ஓலையையோ திணித்து, வந்த தடத்திலேயே மெதுவாகப் பின்னோக்கி எடுங்கள். சாலை ஏறியதும் காற்று நிரப்ப, வண்டிச் சாக்கெட்டில் செருகும் சிறு பம்ப் ஒன்று டிக்கியில் இருக்க வேண்டும்.

கிளம்பும்போது வெள்ளை விளக்கைப் போட்டு, நின்ற இடத்தை ஒரு சுற்று பார்த்துக் குப்பை, செருப்பு, லென்ஸ் மூடி எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு டயரையும் கையால் தடவிப் பாருங்கள். சீமைக் கருவேல முள் ஏறியிருந்தால் காற்று உடனே இறங்காது, பாதி வழியில் இறங்கும். முள்ளை அங்கேயே பிடுங்கவும் வேண்டாம், அது அடைத்துக்கொண்டிருக்கும் வரை பங்க்சர் கடை வரை ஓட்டிவிடலாம். வீட்டுக்கு வந்ததும் பைனாகுலர் லென்ஸைத் துணியால் தேய்க்காதீர்கள். படிந்திருக்கும் உப்பும் மணலும் கீறிவிடும். முதலில் ஊதுகுமிழால் மணலை ஊதி, பிறகு சுத்தமான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து, காற்றில் உலரவிட்டு, அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் வைக்காமல் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவில் மூடி வையுங்கள். உப்புக் காற்றில் லென்ஸில் பூஞ்சை பிடிக்க ஒரு மழைக்காலம் போதும்.